முகாமுக்குப் போகும் பிள்ளைகளுக்கு 20 ரூபாய் பாலிசி போதுமா?

கேள்வி: ஐயா, எங்கள் இளைஞர் மன்றம் மே மாதம் அழகர்மலை அடிவாரத்தில் ஒரு தோப்பில் ஐந்து நாள் முகாம் நடத்தப்போகிறது. 12 முதல் 17 வயது வரை 60 பிள்ளைகள். கிணற்று நீச்சல், நூபுர கங்கை வரை நடை எல்லாம் உண்டு. இன்சூரன்ஸ் இருந்தால்தான் இடம் என்கிறார் தோப்புக்காரர். பேங்கில் போடும் 20 ரூபாய் பாலிசி போதும் என்கிறார் எங்கள் பொருளாளர். ‘எது நடந்தாலும் மன்றம் பொறுப்பல்ல’ என்று பெற்றோரிடம் எழுதியும் வாங்கிவிட்டோம். வேறென்ன செய்ய வேண்டும்?
- மன்றச் செயலாளர், உசிலம்பட்டி

பதில்: தோப்புக்காரர் கேட்பது நியாயம். பொருளாளர் சொல்லும் பாலிசி, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர்களுக்குத்தான் அது. உங்கள் 60 பிள்ளைகளில் ஒருவர்கூட அதில் வரமாட்டார். கூட வரும் பெரியவர்களும் சமையல்காரரும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் விபத்தில் உயிர் போனாலோ ஊனமானாலோதான் பணம் வரும். மாவுக்கட்டுப் போட்ட செலவு கிடைக்காது.

நீங்கள் கேட்க வேண்டியது குழு விபத்துக் காப்பீடு. ஏஜென்டுகள் ‘குரூப் பி.ஏ.’ என்பார்கள். பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் விசாரியுங்கள், முகாம் நாட்களுக்கு மட்டும் கிடைக்குமா என்றும் கேளுங்கள். மருத்துவச் செலவைத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டியிருக்கும். அதை விட்டுவிடாதீர்கள், முகாமில் நடப்பதெல்லாம் பெரும்பாலும் முழங்கை முறிவும் தலையில் நாலு தையலும்தான். நீச்சலையும் மலை நடையையும் மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு விபத்துக் கணக்கில் வராது.

மதுரையில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் 28 வருஷம் கிளெய்ம் பிரிவில் இருந்தவன் நான். ஒரு கோப்பு மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. முகாம் நடத்தியவர்கள் கொண்டுவந்த பட்டியல், கோடு போட்ட நோட்டுத் தாள். 41 பெயர் நீல மையில். 42-ஆவது பெயர் மட்டும் பச்சை மையில், அடியில் இடுக்கி எழுதியிருந்தது. கிளம்பும் நாள் காலையில் அழுது அடம்பிடித்து அண்ணனோடு வண்டியில் ஏறிய தம்பி அவன். பாறையில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்ததும் அவனுக்குத்தான். எங்கள் நகலில் 41 பெயர். கட்டிய பிரீமியமும் 41 பேருக்கு. மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். அவன் அப்பா எதிரே உட்கார்ந்து அந்தப் பச்சை வரியை விரலால் தொட்டுத் தொட்டு, “பேரு இருக்கே சார்” என்றார். அதனால் சொல்கிறேன், பெயரும் வயதும் எழுதிய பட்டியலும் முழுப் பிரீமியமும் முகாமுக்கு முன்பே அலுவலகத்தில் இருக்க வேண்டும். முத்திரை வைத்த நகல் உங்கள் பையில் இருக்கட்டும்.

அப்புறம், வண்டி. அரிசி மூட்டையோடு பிள்ளைகளையும் குட்டி யானையில் ஏற்றிப்போகும் வழக்கம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சரக்கு வண்டியில் ஏறிய பயணிக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மஞ்சள் போர்டு வேன் பிடியுங்கள். பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் மூன்றிலும் தேதியைப் பாருங்கள்.

பெற்றோர் கடிதத்தை நம்பி இருக்காதீர்கள். நீச்சல் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளையைக் கிணற்றில் இறக்கினால் அது கவனக்குறைவு. எந்தக் கையெழுத்தும் அதை மாற்றாது. மன்றத்தின் மேல் வழக்கு வந்தால் குரூப் பி.ஏ. கைகொடுக்காது. அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு என்று தனியாக இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். பெற்றோரிடம் எழுதி வாங்குவதென்றால் வலிப்பு உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, நீச்சல் தெரியுமா என்று கேட்டு வாங்குங்கள்.

அடிபட்டால் முதலில் ஆஸ்பத்திரி. அங்கே ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவைப் போடச் சொல்லி, பில்களை அசலாக வைத்துக்கொண்டு, அன்றே காப்பீட்டு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

வேலை நாளாகப் பார்த்து, அலுவலகம் திறந்த பிறகு கிளம்புகிற மாதிரி முகாமை வையுங்கள். வேன் எடுக்குமுன் பட்டியலைக் கையில் வைத்துத் தலை எண்ணுங்கள். 61-ஆவதாக ஒரு தம்பி ஏறி உட்கார்ந்திருந்தால், அவன் பெயரும் பிரீமியமும் போய்ச் சேர்ந்து, சேர்த்துவிட்டோம் என்று எழுத்தில் பதில் வரும்வரை வேனை நிறுத்தி வையுங்கள்.