40 கட்டு

அன்புள்ள ஐயா,

ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊர். அம்மா போன மாதம் இறந்துவிட்டார். முதல் வருஷ நினைவு நாளுக்குள் அவரைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் போட ஆசை. அம்மா வேலைக்கு எதுவும் போகவில்லை, வீட்டில்தான் இருந்தார், பீடி சுற்றுவார். அக்காவையும் என்னையும் ஆளாக்கிய தியாகி. பீடித் தொழிலாளர் பிள்ளை என்று கிடைத்த உதவித்தொகையில்தான் பாலிடெக்னிக் முடித்தேன். பெரிதாக எதுவும் நடக்காத வாழ்க்கையை எப்படி எழுதுவது? கவிதையாக எழுதலாமா? சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன மாமாவைச் சேர்க்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

அம்மாவுக்கு என் அஞ்சலி. கவிதையோ உரைநடையோ, உங்களுக்கு எது வருமோ அதில் எழுதுங்கள். மாமாவைச் சேருங்கள், கூடப் பிறந்தவரை விட்டுவிட்டு என்ன குடும்பக் கதை? ஆனால் ‘வேலைக்கு எதுவும் போகவில்லை, பீடி சுற்றுவார்’ என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

என் சித்தி முக்கூடலில் இருந்தார். லீவுக்கு அங்கேதான் போவேன். நான் கண் விழிக்கும்போதே சுளகை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். முந்தின நாளே இலையை நனைத்து, ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி முடித்திருப்பார். இலையில் கொஞ்சம் புகையிலைத் தூள், ஒரு உருட்டு, நுனியை மடக்கி நூலைச் சுற்றினால் முடிந்தது. கையைப் பார்க்கவே மாட்டார். என்னிடம் பள்ளிக்கூடக் கதை கேட்டுக்கொண்டே, உலை கொதிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே கை பாட்டுக்கு ஓடும். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் 1000. கூலி 1000-க்குத்தான். சாயங்காலம், இலையும் தூளும் கொடுக்கிற பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சரியில்லை என்று கொஞ்சத்தைக் கழித்துப் போடுவார்கள், அதற்குக் காசு கிடையாது. கொடுத்த இலை பொத்தலும் கிழிசலுமாக இருந்து எண்ணிக்கை தேறாவிட்டால் சித்தி கைக்காசு போட்டு இலை வாங்கி நிரப்புவார். இது வேலை இல்லையா தம்பி?

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் ‘பீடி சுற்றத் தெரியுமா’ என்று கேட்ட காலம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் வேலை என்று விசாரித்தவர்களே கல்யாணம் ஆனதும் ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்’ என்றார்கள். 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றுதான் சொன்னது. 1976-இல் நல நிதிச் சட்டம் வந்தது, பீடிக்கு வசூலித்த தீர்வையில் இருந்துதான் உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு உதவித்தொகை போனது. அம்மா தொழிலாளி என்று எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கிப் படித்தீர்கள். இன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை என்கிறீர்கள். அம்மாவுக்குக் காது கேட்டால் எப்படி இருக்கும்?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். சித்தி இறந்தபோது அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். ‘பாசத்தின் திருவுருவம்’ என்று எழுதினேன். ஒரு ஆயுள் முழுக்கக் குனிந்து சுற்றிய பீடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் போஸ்டர் மழையில் நனைந்து கிழிகிற வரை அந்தத் தெருவில்தான் இருந்தது, போக வர நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதனால் அந்தத் ‘தியாகி’யை எடுத்துவிடுங்கள். அதைப் போட்டுவிட்டால் அப்புறம் கூலியைப் பற்றியோ கழுத்துவலியைப் பற்றியோ யாரும் கேட்க மாட்டார்கள். அம்மாவின் பீடிக் கணக்குப் பாஸ்புத்தகத்தைத் தேடி எடுங்கள். அக்காவிடம் பேசுங்கள், பாஸ்புத்தகம் அம்மா பேரில் இருந்திருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து பாதிக் கட்டை அக்கா சுற்றியிருப்பார், நிறைய வீடுகளில் அப்படித்தான். திண்ணையில் அம்மாவோடு உட்கார்ந்து சுற்றியவர்கள் இன்னும் ஊரில் இருப்பார்கள். முதன்முதலில் அம்மா கையில் கத்தரியைக் கொடுத்தது யார், அப்போது அவருக்கு என்ன வயது என்பது மாமாவுக்குத் தெரியும், தகராறை ஒதுக்கி வைத்துவிட்டுப் போய்க் கேளுங்கள்.

சுளகு இருக்கிறதா? வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.