எழுத்தாளர் பள்ளிக்கு வருவதால் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

பிள்ளையின் பள்ளியில் ‘எழுத்தாளர் சந்திப்பு’ என்று அறிவிப்பு வருகிறது. அது என்ன, எதற்கு என்பது கேள்வி.

சிறுவர் நூல் எழுதுபவர் வகுப்புக்கே வந்து, கதை படித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, பிள்ளைகளையும் நாலு வரி எழுதவைப்பதுதான் அது. பொன்னாடை, நீண்ட வரவேற்புரை எல்லாம் அதில் சேராது. சேர்ந்தால் பாதி நேரம் போய்விடும்.

குழந்தைக்குப் புத்தகம் என்பது எங்கிருந்தோ முழுதாக வந்து விழுந்த பொருள். செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரை ஓடான ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் தரையில் நடப்பவருக்கு அதன் பின்னால் ஒரு கை இருப்பது தோன்றாது. பட்டறைக்குப் போனால்தான் தெரியும்: கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். பார்க்கும் பிள்ளைக்கு, தானும் ஊற்றிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அடித்தல் திருத்தலோடு கைப்பிரதியைக் காட்டும் எழுத்தாளர் செய்வதும் இதுவே. (அச்சான புத்தகத்தைவிட அந்தக் கிறுக்கல் தாள்தான் பெரிய பாடம் என்பேன்.)

பிள்ளைகளின் ஊருக்குப் பக்கத்தில் பிறந்த எழுத்தாளரின் கதையும் உதவும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்து ராயவரத்தில். வங்கி வேலை பார்த்துக்கொண்டே பாடல்கள் எழுதினார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். தெரிந்த ஊரின் பெயரைக் கேட்டால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நன்றாக எழுதும் நான்கு பேருக்கான நிகழ்ச்சி இது என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்துப்பிழைக்குப் பயந்து நோட்டை மூடிவைக்கும் பிள்ளைக்குத்தான் இது அதிகம் தேவை.