ஜூஹு மணலும் காலில் வந்த படையும்

சகோதரி, மும்பை ஜூஹு கடற்கரையில் விளையாடிய மகனுக்குக் காலில் வட்டப் படை. கடல்நீர்ப் பரிசோதனை அறிக்கை சரியாக இருக்கும்போது மணலைச் சந்தேகிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக! படை பூஞ்சையால் வருவது; நீர் அறிக்கை மணலைப் பற்றி எதுவும் சொல்லாது. பல நாடுகளின் கடற்கரை, நன்னீர்க் கரைகளில் மணலிலும் நீரிலும் உள்ள பூஞ்சைகளை எண்ணி 2021இல் வெளியான மைக்கோசாண்ட்ஸ் ஆய்வில், ஆய்வகத்தில் வளர்ந்த பூஞ்சைத் திட்டுகளின் இடைநிலை அளவு ஒரு கிராம் மணலுக்கு 89. ஒரு மில்லிலிட்டர் நீருக்குச் சுழியம். அவற்றில் பெரும்பாலானவை சாதுவானவை. படைக்குக் காரணமானவை மனிதத் தோல், நாய், பூனையிலிருந்து உதிர்பவை. வீட்டுத் துண்டிலிருந்தும் வரலாம், எனவே முழுப் பழியையும் கடற்கரை மேல் போடாதீர்கள். தடிப்பு நெளிந்து நெளிந்து ஊர்ந்தால் அது பூஞ்சையே அல்ல, நாய்க் கழிவிலிருந்து வரும் கொக்கிப்புழுவாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அரிப்பை அடக்கிவிட்டுப் படையைப் பரப்பும். தோல் மருத்துவர் லேசாகச் சுரண்டி, நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்.