நோய்லாண்ட் (Neuland) எழுத்துருவில் சிறிய எழுத்துகள் மட்டும் மாறிவிடுவது பற்றி

தலைப்பு முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே (capitals) தட்டச்சு செய்யுங்கள். முதலெழுத்து மட்டும் நோய்லாண்டிலும் மற்றவை மெலிந்த வேறோர் எழுத்துருவிலும் வருவதாக நீங்கள் குறிப்பிட்ட சிக்கல் தீர்ந்துவிடும்.

எழுத்துரு வடிவமைப்பாளர் ருடால்ஃப் கோக் 1923-இல் ஜெர்மனியின் ஆஃபன்பாக் நகரிலிருந்த கிளிங்ஸ்போர் அச்செழுத்து வார்ப்பகத்துக்காக, முன்வரைவு இன்றி உலோகத்திலேயே நேரடியாகச் செதுக்கிய இந்த எழுத்துருவில் சிறிய எழுத்துகளே கிடையாது. அந்த இடங்கள் காலியாக இருப்பதால் மென்பொருள் மாற்று எழுத்துருவை இடுகிறது என்றே கருதுகிறேன். எழுத்துருவின் குறிப் பட்டியலை (அதிலுள்ள எல்லா எழுத்து வடிவங்களையும் கட்டங்களில் காட்டும் glyphs பட்டியல்) திறந்து, சிறிய எழுத்துகளுக்கான கட்டங்கள் வெறுமையாக உள்ளனவா என்று பாருங்கள்.

சில பதிப்புகளில் அக்கட்டங்களிலும் பெரிய எழுத்துகளின் வடிவங்களே நிரப்பப்பட்டிருக்கும்; உங்களுடையது அவ்வாறு இருந்தால் காரணம் வேறு, எழுத்துருவை மீண்டும் நிறுவிப் பார்க்க வேண்டும்.

வரிகளை நெருக்கமாக அடுக்குங்கள். அந்தக் கரிய அடர்த்திதான் இதன் அழகு.