இந்தியாவில் வாக்களிக்கும் வயதை 18-லிருந்து 16 ஆகக் குறைக்கலாமா?

குறைக்கலாம். ஆனால் 16 வேண்டாம், 17 போதும். ஒரே ஒரு வருடத்துக்கு ஏன் இவ்வளவு அடம் என்று கேட்பீர்கள். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வகுப்புக்குப் பாடம் எடுப்பவன். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பணிக்கும் போகிறவன். இந்த இரண்டு இடத்திலும் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. நான் பிறந்தது 1970-இல். 1989 ஜனவரி 21 அன்று தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது எனக்கு 18 முடிந்திருந்தது, ஆனால் அப்போது 21 ஆனால்தான் ஓட்டு. அண்ணன் போட்டுவிட்டு வந்து விரல் மையைக் காட்டினான். அந்த மார்ச் 28-ஆம் தேதி அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் ஒப்புதல் கொடுத்தார். 326-ஆவது பிரிவில் 21 என்று இருந்தது 18 ஆனது. நவம்பரில் மக்களவைத் தேர்தல் வந்தது, நானும் வரிசையில் நின்றேன். எங்கள் ஊர் டீக்கடையில் அப்போது பேசியது இன்னும் காதில் இருக்கிறது: "மீசை முளைக்காத பசங்க கையில நாட்டைக் குடுக்கிறாங்க." இன்றைக்கு 17 என்று சொன்னாலும் அதே பேச்சுதான் வருகிறது. 35 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 18 வயதுக்காரர்கள் ஓட்டுப் போட்டதால் நாடு கெட்டது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, 17-க்கு வருகிறேன். வயதையும் அறிவையும் பற்றித்தான் எல்லோரும் வாதாடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்த வயதில் பிள்ளை எங்கே இருக்கிறது என்பது. 17-இல் அது சொந்த ஊரில், அப்பா அம்மாவோடு, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. 18-இல் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஹாஸ்டலில் இருக்கிறது, இல்லையென்றால் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டது. நாம் ஓட்டுரிமை கொடுப்பது சரியாக அது ஊரைவிட்டுக் கிளம்பும் நேரத்தில்.

2024 ஏப்ரல் 19 அன்று ஒரு கிராமத்து வாக்குச்சாவடியில் பணியில் இருந்தேன். காலை பத்து மணி இருக்கும். ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மாவின் பெயர் பட்டியலில் இருந்தது, மகளின் பெயர் இல்லை. பக்கத்தில் இருந்த அலுவலர் இரண்டு முறை பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அந்தப் பெண் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டே நின்றாள். "எம் பொண்ணுக்கு இருபது வயசு ஆச்சு சார், ஆதார் இருக்கு, அப்புறம் எப்படி ஓட்டு இல்லாமப் போகும்?" என்று அந்த அம்மா கேட்டார். பட்டியலில் பெயர் இல்லையென்றால் எந்த அட்டை இருந்தாலும் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. விசாரித்தால், பிளஸ் டூ முடித்த கையோடு வெளியூர்க் கல்லூரிக்குப் போயிருக்கிறாள். பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6 என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரை கதவோரம் நின்றிருந்தாள். வெளியே போகும்போது அம்மாவின் விரலைப் பிடித்து மையைப் பார்த்துக்கொண்டே போனாள். மூன்று வருடம் முன்னால் என் போன்ற ஓர் ஆசிரியர் அவளுக்கு அந்தப் படிவத்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது ஒரு பெண்ணின் கதை மட்டும் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது நாட்டில் சுமார் 97 கோடி வாக்காளர்கள். அதில் 18, 19 வயதினர் 1.8 கோடிப் பேர் சொச்சம். அந்த வயதில் இருப்பவர்களில் இது பாதிகூட இல்லை.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2003 மே மாதம் பிறந்த ஒரு மாணவி. 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது அவளுக்கு 17 வருடம் 11 மாதம். அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2026-இல், அவள் 23-ஐத் தொடும் நேரத்தில். பள்ளி, கல்லூரிக் கட்டணம், பேருந்து, விடுதி என்று அவள் வாழ்க்கையில் மாநில அரசு அதிகம் தொட்டது அந்த ஐந்து வருடத்தில்தான். அந்த அரசைத் தேர்ந்தெடுத்ததில் அவளுக்குப் பங்கே இல்லை. நீட் தேர்வும் அப்படித்தான். எல்லாக் கட்சிகளும் மேடை போட்டுப் பேசுகின்றன. அதை எழுதப்போகிற என் வகுப்புப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரியா 2007-இலேயே 16 ஆக்கிவிட்டது. 2010-இல் வியன்னா நகரத் தேர்தலில், 18 முதல் 20 வயதுவரை இருந்த புது வாக்காளர்களைவிட 16, 17 வயதினர்தான் அதிகமாக வந்து வாக்களித்தார்கள். காரணம் எளிது, வீட்டில் இருக்கிறார்கள், பள்ளியில் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2014-இல் நடந்த தனிநாட்டு வாக்கெடுப்பிலும் 16 வயதினருக்கு வாக்கு கொடுத்தார்கள், பிறகு அங்கே சட்டமன்றத் தேர்தலுக்கும் அதை நிரந்தரமாக்கினார்கள்.

அப்படியானால் நமக்கும் 16 ஏன் வேண்டாம்? இது என் வகுப்பறைக் கணிப்பு, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு முடித்து பிளஸ் ஒன்னுக்கு வரும் பிள்ளை ஜூன் மாதம் இருப்பதற்கும் மறு வருடம் பிளஸ் டூவில் இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எந்தப் படிப்பு, எந்த ஊர், கடன் வாங்கலாமா என்று பிளஸ் டூவில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பேச்சோடு சேர்த்து ஓட்டையும் பேசட்டும் என்கிறேன்.

பணம் வாங்கிக்கொண்டு போட்டுவிடுவார்கள் என்கிறார்கள் சிலர். பணப்பட்டுவாடா புகாரால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் என்று தேர்தலையே நிறுத்த வேண்டியிருந்தது. அப்போது வாக்காளர் பட்டியலில் 17 வயதுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. பக்குவம் இல்லை என்பவர்களுக்கு ஒரு விஷயம்: கொடிய குற்றம் என்றால் 16 வயதைக் கடந்தவரைப் பெரியவர்களைப்போல விசாரிக்கலாம் என்று 2015-இன் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. தண்டனைக்கு மட்டும் பக்குவம் வந்துவிடுமா?

எனக்கு உண்மையான பயம் ஒன்று உண்டு, அதை மறைக்கவில்லை. வகுப்பில் வாக்காளர் இருந்தால் கட்சிக்காரர்கள் பள்ளி வாசலுக்கு வருவார்கள். சாதிச் சங்கங்களும் வரும். கையில் கயிறு கட்டி அடையாளம் காட்டும் பிரச்சினையோடு ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். பள்ளி வளாகத்துக்குள்ளும் வாசலிலும் எந்தக் கட்சியும் வரக்கூடாது என்று கடுமையான விதி இல்லாமல் வயதைக் குறைத்தால் நானே எதிர்ப்பேன். ஆனால் அந்தப் பயத்துக்காக உரிமையைத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டம் மாற நாளாகும். நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2022-லிருந்து, 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதி தகுதி நாள். 18 ஆனதும் அடுத்து வரும் தகுதி நாளை வைத்துப் பெயர் ஏறிவிடும். ஆண்டுதோறும் ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினத்தன்று வாக்களிப்போம் என்று பிள்ளைகளை உறுதிமொழி எடுக்க வைக்கிறோம். அன்றைக்கே கையில் படிவத்தையும் கொடுத்துவிடலாம்.

2024 தேர்தலுக்குப் பிறகு நான் அதைத்தான் செய்கிறேன். ஏற்கெனவே பட்டியலில் உள்ள குடும்பத்தார் ஒருவரின் அடையாள அட்டை எண்ணைப் படிவத்தில் கேட்பார்கள். போன வருடம் ஒரு பையன் அந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டான். அப்பா அம்மா இருவரும் திருப்பூரில், அட்டையும் அவர்களோடு. "அப்பத்தாவோட நம்பர் எழுதலாமா சார்?" என்றான். எழுதலாம் என்றேன். மறுநாள் பாலித்தீன் உறைக்குள் இரண்டாக மடித்த துணியில் சுற்றி அந்த அட்டையைக் கொண்டுவந்தான். எண்ணைப் பார்த்து எழுதி முடித்ததும் மறுபடி அதே மடிப்பில் சுற்றி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.