'வாழ்க்கையில் பிடிப்பில்லை' என்பதை அளப்பது எப்படி?

கேள்வி: எங்கள் கல்லூரியில் பலர் 'எதற்குப் படிக்கிறோம், எதற்கு வாழ்கிறோம் என்றே தெரியவில்லை' என்கிறார்கள். என் ஆய்வேட்டுக்காக இதை அளக்க வேண்டும். எந்த வினாத்தாளை எடுக்கலாம்?
– உளவியல் முதுகலை மாணவி, கோவை

பதில்: வாழ்க்கையின் அர்த்தம் பற்றி எழுதிய மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் என்பவரின் கருத்துகளை ஒட்டி கிரம்போவும் மஹோலிக்கும் 1964-இல் உருவாக்கிய 20 கேள்விச் சோதனை பழையது, பெயர் பெற்றது. ஆனால் சலிப்பு, உற்சாகம், தற்கொலை எண்ணம் எல்லாமே அதற்குள் கலந்து கிடக்கின்றன. அதை வைத்து 'பிடிப்பின்மைக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டு' என்று முடிவு எழுதினால், பாதித் தொடர்பு கேள்விகளிலேயே இருந்திருக்கும்.

மைக்கேல் ஸ்டீகர் குழு 2006-இல் வெளியிட்ட 'மீனிங் இன் லைஃப்' (Meaning in Life Questionnaire) என்ற 10 வாக்கிய வினாத்தாளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் பொய்' (1) முதல் 'முற்றிலும் உண்மை' (7) வரை மதிப்பெண். 1, 4, 5, 6, 9 ஆகியவை வாழ்க்கையில் அர்த்தம் இருக்கிறதா என்று பார்க்கும் ('இருப்பு'). மற்ற ஐந்தும் அதைத் தேடுகிறாரா என்று பார்க்கும் ('தேடல்'). இரண்டையும் தனித்தனியாகவே கூட்ட வேண்டும் (5–35). இருப்பு 12, தேடல் 32 உள்ளவர் தவித்துக்கொண்டிருக்கிறார். இருப்பு 32, தேடல் 12 உள்ளவர் நிம்மதியாக இருக்கிறார். மொத்தமாகக் கூட்டினால் இருவருக்கும் 44! இருப்பு 12, தேடல் 8 என்று வருபவரைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். அவர் தேடுவதையே விட்டுவிட்டார்.

தமிழாக்கத்தை இருவர் தனித்தனியே செய்யட்டும். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதட்டும். பிறகு பத்து மாணவர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்ன புரிந்தது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: முன்னோட்டமாக 40 பேரிடம் வாங்கினேன். 'இருப்பு' பகுதியின் ஆல்ஃபா (அதன் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) மிகக் குறைவாக வருகிறது. கேள்விகளில் கோளாறா?
– அதே வாசகி

பதில்: முதலில் 9-ஆம் வாக்கியத்தைப் பாருங்கள். 'தெளிவான நோக்கம் இல்லை' என்ற பொருளில் வருவது அது ஒன்றுதான். 8-இலிருந்து கழித்துத்தான் சேர்க்க வேண்டும்: 2 போட்டிருந்தால் 6. திருப்பியும் அது மற்ற நான்கோடு ஒட்டவில்லை என்றால், ஒன்று படிக்காமலே வட்டமிட்டிருக்கிறார்கள். அல்லது 'இல்லை' என்பதைப் 'பொய்' என்று மறுக்கும் இடத்தில் குழம்பியிருக்கிறார்கள். பத்துக்கும் 7 போட்ட தாள்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். 40 பேரில் நாலைந்து தாள் போதும், ஆல்ஃபாவைக் கவிழ்க்க.

வகுப்பாசிரியரே தாளைக் கொடுத்து வாங்கினாரா என்றும் கேளுங்கள். அவர் எதிரில் யாரும் மனம் திறந்து எழுத மாட்டார்கள். அரியர் முடிவு வந்த வாரம், கேம்பஸ் இன்டர்வியூ நடக்கும் வாரம் இரண்டும் வேண்டாம்.

கேள்வி: இந்த வினாத்தாளில் மதிப்பெண் குறைந்தவர்களை ஆலோசகரிடம் அனுப்பலாமா?
– பேராசிரியர், மதுரை

பதில்: இந்த வினாத்தாளில் நோய் எல்லைக்கோடு கிடையாது, மதிப்பெண்ணை மட்டும் வைத்து யாரையும் நோயாளி ஆக்க வேண்டாம். மனச்சோர்வை அறிய பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வி வினாத்தாளையும் சேர்த்தால், அதன் கடைசிக் கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எதைக் குறித்திருந்தாலும் அன்றே அவரிடம் பேச வேண்டும். பெயரில்லாத தாளில் அது முடியாது. ஆகவே குறியீட்டு எண் கொடுத்து, பெயர்ப்பட்டியல் ஆலோசகரிடம் மட்டும் இருக்கட்டும். யாரை எப்போது அழைப்பார்கள் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416-ஐ எல்லாத் தாளின் அடியிலும் அச்சிடுங்கள்.