ஆச்சிக்கு வாசித்துக் காட்டிய நாவல்

பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தைப் பற்றிய பழைய காலத்து நாவல் எதுவும் உங்களை உலுக்கியதுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி'. 1903-ல் வந்தது. எழுதிய நாளில் அது அக்கம்பக்கத்தில் நடந்துகொண்டிருந்த கதை; இப்போது வாசிக்கிற நமக்குத்தான் சரித்திரம். மாதவையா எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர், பெருங்குளத்தில் பிறந்தவர்.

சிறு வயதிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, விதவையாகி, பிறகு மறுமணம் செய்துகொள்ளும் பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். பெண்ணுக்குக் கல்யாண வயது 14 என்ற சாரதா சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1930-ல்தான். அதற்கு அத்தனை வருஷம் முன்பே அந்தப் பிள்ளையைப் பேசவிட்டிருக்கிறார். இந்த நாவலில் நான் பெரிதாக நினைப்பது அதைத்தான்.

போன ஐப்பசியில் ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன். வெளியே அடைமழை. பட்டாசலில் உட்கார்ந்து தினமும் கொஞ்சம் வாசித்துக் காட்டினேன். முதல் நாளே நிறுத்தச் சொல்லிக் கேட்டாள்: "அந்தப் புள்ளைட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாவளா?"

இல்லை என்றேன்.

"என்ட்ட எங்கம்மை கேட்டா. ஆத்துல குளிக்க முடியாத ஊராப் போவுதே, பரவால்லையாட்டீன்னு."

ஆச்சி பிறந்தது சேரன்மகாதேவி, தாமிரபரணிக் கரை. வாழ்க்கைப்பட்டது சங்கரன்கோவில் பக்கம், உப்புக் கிணறுள்ள வீட்டில். அப்போது வயது 15. என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். "புளிய முத்தை வச்சு வெளாடிட்டு இருந்தேன். சரின்னேன்." சொல்லிவிட்டு உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள், அந்த முத்து இன்னும் அங்கே இருப்பதுபோல.

நடை இன்றைக்குக் கொஞ்சம் பழசாகத் தெரியும். மௌனமாகப் படித்தால் தட்டும். சத்தமாக வாசித்தால் சரளமாகப் போகும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களை வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அப்புறம், அந்த மறுமணப் பகுதி. ஆச்சியின் அத்தை ஒருத்தி 12 வயதில் தாலியறுத்து, சாகும்வரை அரங்குவீடு என்கிற உள்ளறையை விட்டு அதிகம் வெளியே வராமல் இருந்தவள். இதை ஆச்சி அதுவரை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பக்கங்களை வாசித்து முடித்ததும் கண் கட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மறுபடியும் வாசி. மெதுவா வாசி" என்றாள்.

மூன்று தடவை வாசித்தேன்.